கறுப்புச் சுருட்டுக்கு அப்பா போட்ட மார்க்

முதலில் ஒரு டிஸ்கி. புகைபிடிப்பது உடலுக்குக் கேடு. சினிமாவில் கீழே சின்ன எழுத்தில் ஓட விடுகிற மாதிரி கடமைக்குச் சொல்லவில்லை. என் தாத்தா கன்னத்தில் புற்றுநோய் வந்து செத்துப்போனவர். நானே பதினோரு வருஷம் சிகரெட் பிடித்து, மகள் பிறந்த 2009-ல் விட்டவன். எந்த பிராண்டு என்றும் சொல்லப் போவதில்லை. புகையிலைக்கு விளம்பரம் கூடாது என்று 2003-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். எனக்கு எதுக்கு வம்பு :-)

விஷயத்துக்கு வருகிறேன். போன நவம்பரில் எங்கள் மேனேஜர் மயாமி போய்விட்டு வந்தார். லக்னோக்காரர். திட்டினால்கூட சர்க்கரை தடவித்தான் திட்டுவார். டீமில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தவர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒரு உறையை நீட்டினார். உள்ளே மூன்று சுருட்டு. "நீ டிரிச்சினாப்பள்ளி ஆள்தானே? ஷெர்லாக் ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்தே கண்டுபிடிப்பாரே, உங்க ஊர்ச் சுருட்டு!" என்றார். உண்மைதான். 1887-ல் வந்த முதல் ஹோம்ஸ் கதையிலேயே எங்க ஊர்ச் சுருட்டு வந்துவிட்டது. வெள்ளைக்காரன் 'செரூட்' என்று சொல்வதே நம்ம 'சுருட்டு'தான். சர்ச்சிலுக்கு எங்க ஊரிலிருந்துதான் போனது என்று உறையூரில் ஆளாளுக்குச் சொல்வார்கள். அந்த மனுஷர் அதிகம் பிடித்தது கியூபா சுருட்டு என்பதை அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள், உதை வாங்காமல் திரும்பினால் உங்கள் அதிர்ஷ்டம்.

மேனேஜருக்குத் தெரியாத ஒன்று, என் தாத்தா உறையூரில் சுருட்டு சுருட்டினவர் என்பது. நான் ஆபீசில் அதைச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் கிடையாது.

சரி, சுருட்டைப் பற்றிக் கொஞ்சம். மூன்றும் ஒரே சைஸ். நீளம் ஐந்து அங்குலம், தடிமன் ஐம்பது. இந்த ஐம்பது என்பது ஒரு அங்குலத்தை 64 பாகமாகப் பிரித்து அதில் ஐம்பது, அதாவது கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர். இந்த அளவுக்கு ரொபஸ்டோ என்று பெயர். உள்ளே நிகராகுவா இலை. மேலே சுற்றியிருப்பது அமெரிக்காவில் கனெக்டிகட் பக்கம் விளைகிற அகல இலை. நிறம், நன்றாக வறுத்த காப்பிக்கொட்டை. இதைத்தான் மதூரோ என்கிறார்கள். ஸ்பானிஷில் பழுத்தது, முதிர்ந்தது என்று அர்த்தம். நாம் வாழைத்தாரைப் பழுக்க வைக்கிற மாதிரி அவர்கள் இலையைப் பழுக்க வைக்கிறார்கள். காயவைத்த இலையை லேசான ஈரத்தோடு ஆள் உயரத்துக்கு அம்பாரமாகக் குவித்துவிடுவார்கள். தன் பாரத்திலேயே உள்ளே சூடு ஏறும். மதூரோவுக்கு அந்தச் சூடு அறுபது டிகிரியைக்கூடத் தொட விடுவார்கள். அப்புறம் அம்பாரத்தைப் பிரித்து உள்ளே இருந்ததை வெளியே, வெளியே இருந்ததை உள்ளே என்று மாற்றி மறுபடி அடுக்குவார்கள். மாதக்கணக்கில் இதே வேலை. அமோனியா நெடி போகும், காட்டம் குறையும், நிறம் கறுக்கும். மெல்லிசு இலை இந்த வேக்காட்டைத் தாங்காமல் கிழிந்துவிடும். அதனால்தான் தடித்த இலையாகத் தேடிப் போகிறார்கள்.

கறுப்பாக இருந்தால் காரம் அதிகம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. காரம் வருவது செடியின் உச்சியில் வெயில் அதிகம் வாங்குகிற இலையிலிருந்து. அதை எவ்வளவு உள்ளே வைக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. இன்னொன்று, இவர்கள் 'பாடி' என்று ஒன்று சொல்கிறார்கள். அது காரம் இல்லை, வாயில் தெரிகிற கனம். நம் வீட்டு பாஷையில் சொன்னால், முதல் டிகாக்ஷன் முழு பாடி, மூன்றாம் டிகாக்ஷன் விருந்தாளி சீக்கிரம் கிளம்பட்டும் என்று போடுவது, முதலும் இரண்டாவதும் கலந்தால் மீடியம். என்னிடம் வந்தது மீடியம்.

டெல்லியில் சுருட்டு வைத்திருப்பதும் ஊறுகாய் வைத்திருப்பதும் ஒன்று, கவனிக்காவிட்டால் போச்சு. 65லிருந்து 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். நம் மயூர் விகார் வீட்டில் மே மாதம் அப்பளம் தானாகவே காயும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா வாங்கி, உள்ளே காய்ச்சி வடித்த தண்ணீர் நனைத்த பஞ்சு ஒரு சின்னக் கிண்ணத்தில், பக்கத்தில் ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று. டப்பாவைப் பரணில் கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். தங்கமணி வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்தப் பக்கம் போவார் என்ற தைரியம்.

பிடிபட்டது தங்கமணியிடம் இல்லை. அப்பாவிடம்.

அம்மா போன பிறகு அப்பாவை இங்கே அழைத்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்து 2007-ல் ரிட்டயர் ஆனவர். வயசு 78. ஹிந்தியில் 'பாணி', 'பஸ்' இரண்டே வார்த்தை. மாசம் ஒரு தடவை மலை மந்திர், தினமும் காலையில் பால்கனியில் பேப்பர். மற்ற நேரம் பேச்சு கிடையாது. ஊரில் தெருவையே கலகலவென்று வைத்திருந்த மனுஷர் இங்கே வந்து ஒரு நாற்காலி மாதிரி ஆகிவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவைத் திறந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"யாருடா வீட்டுல எல வெச்சிருக்கறது?"

சுருட்டு என்று கேட்கவில்லை, கவனியுங்கள். இலை.

ஐம்பது வயசை நெருங்கும் நான் எட்டாம் கிளாஸ் பையன் மாதிரி நின்றேன். எங்கள் வீட்டில் புகையிலை என்ற பேச்சையே எடுக்க விடமாட்டார். கல்லூரியில் என் சட்டைப் பையில் சிகரெட்டைப் பார்த்த அன்று அடிக்கவில்லை, மூன்று மாசம் என்னோடு பேசவில்லை. "ஆபீஸ்ல குடுத்தாங்கப்பா, நான் பிடிக்கல" என்று இழுத்தேன். அவர் காதில் வாங்கவில்லை. கையை நீட்டினார். கொடுத்தேன்.

இதுக்கப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சுருட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகச் சுற்றினார். இலை சுற்றின சாய்வைப் பார்த்து, "இடது கைக்காரன் சுத்துனது இல்ல. ஒரே சீரா வந்திருக்கு, நல்ல கை" என்றார். நரம்பைக் கட்டைவிரலால் தடவினார். பின்னால் கொண்டுபோய் எரிகிற முனையை மோந்து பார்த்தார். "மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கு. அப்ப எல நல்லா வெந்திருக்கு." நான் அசந்துவிட்டேன். சுருட்டுக்கு மதிப்பெண் போடுகிற வெளிநாட்டு ஆசாமிகள் பற்றவைப்பதற்கு முன் சொல்கிற வாசனையும் இதேதான், மாட்டுக் கொட்டகை. அவர்கள் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொல்கிறார்கள்.

"சாயம் போட்டிருக்கானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைக்குட்டை நுனியை ஈரம் பண்ணி லேசாகத் தேய்த்தார். வெளிர் பழுப்பாக ஒரு தீற்றல். "கொஞ்சம் வரும். மை மாதிரி வந்தாத்தான் சாயம். வெல்லத் தண்ணி அடிச்சிருக்கானா?" மெல்லுகிற புகையிலைக்கு நம் பக்கம் வெல்லத் தண்ணி தெளிப்பது உண்டு, அந்த நினைப்பில் கேட்டார். இல்லை, வேக்காட்டிலேயே வருகிற இனிப்பு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் இரண்டு விரலுக்கு நடுவே நுனியிலிருந்து அமுக்கிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க முடிச்சு இருக்கு."

"எங்கப்பா?"

"மூணு விரக்கட தாண்டி. உள்ள எலயத் திருகி வெச்சுட்டான். இதுக்கு மேல புகை வராது பாரு."

நானும் அமுக்கிப் பார்த்தேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

(இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 1957-ல் அப்பாவுக்குப் பத்து வயசு. ஸ்கூல் விட்டதும் தாத்தா வேலை செய்த இடத்துக்குப் போய் இலையில் காம்பு உரிப்பார். நடு நரம்பைக் கிழியாமல் உருவி எடுக்க வேண்டும். தாத்தாவுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் மேஸ்திரி வந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். முடிச்சு இருந்தால், மேல் இலை சுருங்கி இருந்தால், தூக்கித் தனியாகப் போட்டுவிடுவார். அதுக்குக் கூலி கிடையாது. ஆனால் அந்தச் சுருட்டு மட்டும் எப்படியோ விற்றுவிடும்! மேஸ்திரி கைக்கு முன்னால் பையன் கை அமுக்கிப் பார்த்து, கெட்டதைத் தாத்தாவிடம் கொடுத்து, அவர் பிரித்துச் சுருட்டி நேர் பண்ணுவார். அப்பாவின் கை படித்தது அங்கே. நான் இந்தக் கதையை முதல் தடவையாகக் கேட்டது போன நவம்பரில். எனக்குத் தெரிந்ததெல்லாம், தாத்தா மடியில் உட்கார்ந்தால் ஒரு வாசனை வரும் என்பதுதான்.)

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. தங்கமணியும் மகளும் கல்யாணத்துக்கு ஃபரிதாபாத் போயிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அப்பாவே கேட்டார். "அத என்ன பண்ணப் போற? வெச்சுப் பூஜை பண்ணப் போறியா?"

மொட்டைமாடிக்குப் போனோம். வெயில் இருக்கிற மாதிரி தெரியும், உறைக்காது, டெல்லி ஜனவரியைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. நான் அப்பாவைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி உட்காரச் சொன்னேன், வயசான காலத்தில் என் புகை அவருக்கு எதற்கு. "இந்த ஊர்க் காத்துக்கே பயப்படல, போடா" என்றார். ஆனாலும் தள்ளி உட்கார்ந்தார்.

தொப்பியை வெட்டினேன். எங்க ஊர்ச் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும், வெட்டுகிற வேலை இல்லை. இதற்கு ஒரு முனையில் இலையாலேயே மூடி வைத்திருப்பார்கள். பற்றவைக்கும்போது தீயை நேராகக் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அப்பளம் வாட்டுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வாட்ட வேண்டும். ஓரம் முழுக்கச் சிவந்த பிறகுதான் வாயில். புகையை உள்ளே இழுக்கக் கூடாது, வாயில் வைத்து வெளியே விட வேண்டும். அதனால் பாதிப்பில்லை என்று நினைத்தால் தப்பு. சுருட்டுப் புகைக்குக் காரத்தன்மை உண்டு, நிகோடின் வாய்த் தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான புகையிலைகூட இருக்கலாம். வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றி மாடிப்படியில் உட்கார வேண்டியதுதான்.

முதல் நாலைந்து இழுப்பு, மிளகு. தொண்டையில் இல்லை, நாக்கு நுனியில். அது அடங்கியதும் காப்பி வந்தது. கசந்த காப்பி, ஆனால் அடியில் ஓர் இனிப்பு. பெட்டி மேலே எழுதுகிறவர்கள் கோக்கோ, உலர்பழம், தோல், மண் என்று அடுக்குவார்கள். எனக்குக் கோக்கோ தெரியவில்லை. கருப்பட்டி தெரிந்தது, அதுவும் லேசாகத் தீய்ந்த கருப்பட்டி. மூக்கு வழியாகக் கொஞ்சம் விட்டபோது புதுச் செருப்புக் கடை. நிமிஷத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் போனால் சூடேறிக் கசந்துவிடும் என்பதால் நிதானமாகப் போனேன். சாம்பல் ஒரு அங்குலம் உதிராமல் நின்றது, வெளிர் சாம்பல் நிறம், இறுக்கமாக. அப்பா சாம்பலைப் பார்த்து, "எல பரவால்ல" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் தொடாமல் இருந்தவன் இதை எழுதத் தயங்கத்தான் வேண்டும். இருந்தாலும் பொய் எதற்கு.

அரைமணி நேரம் கழித்துப் புகை நின்றுவிட்டது. இழுக்கிறேன், கன்னம் ஒட்டுகிறதே தவிர எதுவும் வரவில்லை. ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அப்படியே நின்று, ஓடம் மாதிரி ஆகிவிட்டது. அளந்து பார்த்தேன். சரியாக மூன்று விரல் கடை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினார். நெருப்போடு இருந்த சுருட்டை வாங்கி, முடிச்சு இருந்த இடத்தை மூன்று விரலால் பிடித்து, குழந்தை விரலுக்குச் சொடக்கு எடுக்கிற மாதிரி மெதுவாக உருட்டினார். இரண்டு நிமிஷம் இருக்கும். மேல் இலை கிழியவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது ஒரு நொடி மூக்குப் பக்கம் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கப்பாவுக்குக் கடைசியா நான்தான்டா பத்தவெச்சேன்."

தாத்தா செத்தது 1983. எனக்கு ஏழு வயசு. வியாதி வந்ததும் தாத்தா சுருட்டை விட்டுவிட்டார், அதற்குள் கைமீறிவிட்டது, இதுதான் எனக்குச் சொல்லப்பட்ட கதை. எனக்கு அப்பா சொன்ன புத்திமதி எல்லாம் அந்தக் கதையில்தான் முடியும். இப்போது அப்பா சொன்னது வேறு. மெட்ராஸில் கரண்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்த பிறகு தாத்தாவுக்கு வாய் ஒரு விரல்கூடத் திறக்கவில்லை. கஞ்சி மட்டும். பேச்சு இல்லை. கையால் சுருட்டுகிற மாதிரி காட்டிக்கொண்டே இருப்பாராம். அப்பா மூன்று நாள் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறார். நாலாவது நாள் ராத்திரி பழைய வேலை செய்த இடத்திலிருந்து இலை வாங்கிவந்து, பதம் பண்ணி, தானே ஒன்று சுருட்டி, தானே வாயில் வைத்துப் பற்றவைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புகையை ஊதியிருக்கிறார். தாத்தா பிடிக்கவில்லை. மோந்துகொண்டு படுத்திருந்தார். முடிந்ததும் அந்த மிச்சத் துண்டைக் கையில் கேட்டு வாங்கி, அமுக்கிப் பார்த்தாராம்.

"என்ன சொன்னாருப்பா?"

"என்னத்த சொல்றது, வாயத் தொறக்க முடியாதே. விரல வெச்சு ஒரு எடத்தக் காட்டினாரு. முடிச்சு."

அப்பா சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, கீழே பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டே, "வியாதி குடுத்ததையே திருப்பிக் குடுத்தேன். உங்கம்மாகிட்டகூடச் சொல்லல. தப்பாடா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா" என்றேன். அதுதான் உண்மை, இப்போதும் தெரியவில்லை.

சுருட்டு மறுபடி நன்றாக வந்தது. கடைசி மூன்றில் ஒரு பங்கில் காரம் ஏறி, காப்பியும் கருப்பட்டியும் போய், மழை பெய்து காய்ந்த மண் மாதிரி ஒரு ருசி. எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கும்போதே வைத்துவிட்டேன். சுருட்டை நசுக்கக் கூடாது, தானே அணையும்.

உங்களுக்கு மார்க் வேண்டும் அல்லவா? வெளிநாட்டில் நூற்றுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். தோற்றம், இழுவை, எரிப்பு, ருசி என்று தலைப்பு வைத்துக் கூட்டுவார்கள். நான் என் கணக்கில் 87 என்று போட்டு அப்பாவிடம் சொன்னேன்.

"எலைக்கு எவ்ளோ வேணா போடு. முடிச்சு இருக்குல்ல. எங்க மேஸ்திரியா இருந்தா இது எண்ணிக்கையில வராது."

மறுநாள் காலையில் பால்கனியில் இங்கிலீஷ் பேப்பரை விரித்து, இரண்டாவது சுருட்டை ஈரத்துணியால் தொட்டுத் தொட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். மேல் இலை முழுசாக, கிழியாமல், வளைந்த கத்தி மாதிரி ஒரு வடிவத்தில் வந்திருந்தது. உள்ளே இலையை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, எது காரம், எது வாசனைக்கு, எது சும்மா எரிவதற்கு என்று எனக்குக் காட்டினார். அதில் காரத்துக்கு ஒரே ஒரு இலைதான், நட்ட நடுவில். நிகராகுவாக்காரன் வைத்த கணக்கை உறையூர்க்காரர் பத்து நிமிஷத்தில் பிரித்துவிட்டார். அப்புறம் திருப்பிச் சுருட்டப் பார்த்தார். கை நடுங்கியது. இரண்டு சுற்று வந்து மேல் இலை கிழிந்தது. இன்னொரு முறை பார்த்தார். "எல காஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்தார். இலை காயவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன், நல்ல பதமாகத்தான் இருந்தது.

ஃபரிதாபாத்திலிருந்து சாயங்காலம் வந்த தங்கமணி செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தார். "என்ன வாசனை இது?" நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நான்தாம்மா, பழைய ஞாபகத்துல." மாமனாரிடம் என்ன சொல்ல முடியும்? என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது இன்னும் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாதான் இப்போது மீட்டரைப் பார்க்கச் சொல்லி ஞாபகப்படுத்துகிறார். அதிலும் அமுக்கிப் பார்த்துவிட்டார். முடிச்சு இல்லையாம்.